பெலங்காஸுக்கு ஒரு வாய்

மலாக்காவிலுள்ள காஜா பெராங் என்ற ஊர்ப் பெயருக்கு மலாயில் கோபங்கொண்ட யானை என்று பொருள். அந்த யானைக்கு எந்தக் காலத்தில் யார்மேல் கோபம் வந்தது என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அப்துல் கய்யூம் மரைக்காயர் தும்மினால், அது திரும்பி வந்துவிட்டதென்று ரிக்‌ஷாக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டினார்கள். அவ்வளவு பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். அந்தக் குரலில் பாட்டுக் கட்டிச் சொன்னால் செங் ஊர்ப் பக்கத்துத் தோப்புகளில் தேங்காய் தானாக உதிரும் என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். ஊரார் என்றால் பெரும்பாலும் மரைக்காயர்தான்.

கைலிக் கடையைத் தங்கை மகன் கையில் ஒப்படைத்துவிட்டு ஓய்வாக உட்கார்ந்த நாளிலிருந்து அவருக்குப் பாட்டே தொழில். சிங்கப்பூரில் அச்சான ஒரு தமிழ்ப் பத்திரிகை அவருடைய பாட்டை இரண்டு தடவை போட்டிருந்தது. இரண்டாவது தடவை இடம் போதாமல் பாதியை வெட்டிவிட்டார்கள். மீதிப் பாதிக்காகச் சிங்கப்பூரே தூக்கமில்லாமல் புரள்கிறது என்பது அவருடைய கணக்கு. அந்த நேரம் பார்த்து, சிங்கப்பூரில் கடை வைத்திருந்த மகன் இப்ராஹீம் சொல்லியனுப்பினான்: கடைக்கு மேலே அறை காலியாக இருக்கிறது, வாப்பாவும் உம்மாவும் இங்கேயே வந்துவிடுங்கள், மலாக்கா வீட்டை விட்டுவிடலாம்.

மரைக்காயர் அன்றைக்கே மனதளவில் கப்பலேறிவிட்டார். கூட்டங்கள், மாலைகள், கைதட்டல். கவர்னர் துரைகூட சன்னலைத் திறந்துவைத்துக் கேட்பார்.

அவர் மனைவி ரஹீமா மட்டும் கரையிலேயே நின்றாள். காஜா பெராங்கில் பிறந்து, காஜா பெராங்கிலேயே வாழ்க்கைப்பட்டவள். அந்த அறையை ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கிறாள். சன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர்தான் தெரியும். இங்கே அவளுக்குக் கோழிகள் இருந்தன, பாசாரில் அவள் குரல் கேட்டதும் நல்ல மீனை எடுத்து ஒதுக்குகிற ஆட்கள் இருந்தார்கள், பக்கத்து வீட்டு மீனாச்சி இருந்தாள். மீனாச்சி, தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறிப்போன செட்டிக் குடும்பத்துப் பெண். தமிழ்ப் பேர் உண்டு, தமிழ் வராது, வீட்டில் மலாய்தான். இருவரும் மலாயில் பேசத் தொடங்கினால் அடுப்பில் சோறு குழையும். இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு மிச்சக் காலத்தைக் கழிக்க அவளுக்கு மனமில்லை.

அவர் போவோம் என்றார். அவள் வரமாட்டேன் என்றாள். கொஞ்ச நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அந்த மௌனத்தின் கனத்தில் வீட்டு உத்தரம் ஒரு விரற்கடை இறங்கிப்போனது. கடைசியில் ஒரு காலையில் கோப்பியை அவர்முன் வைத்துவிட்டு ரஹீமா சொன்னாள்:

"வாய் கொடுத்துப் பாத்துடுவோம். தோத்தா, மூச்சுக் காட்டாம மூட்டையைக் கட்டிக்கிட்டு வர்றேன்."

வாய் கொடுப்பு என்பது அவர்கள் இரண்டு குடும்பத்துக்கும் உரிய வழக்கம். கல்யாணத்தின் மூன்றாம் நாள் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவருக்கொருவர் ஒரு பிராணியைக் கொடுக்க வேண்டும். கிடைத்த பிராணியின் வாயாகப் பேசிப் பாட்டுக் கட்ட வேண்டும். எந்தப் பிராணி என்று தீர்மானிப்பது எதிராளி. கட்டுப்பாடு ஒன்றே ஒன்றுதான்: அந்தப் பிராணிக்குத் தெரியாத எதையும் அதன் வாயில் வைக்கக்கூடாது. மற்றவர்கள் அதைக் கல்யாணத்தோடு மறந்துவிடுவார்கள். இவர்கள் இருவரும் விடவில்லை. வீட்டில் எந்தத் தகராறு முற்றினாலும் அதை மனிதவாயிலிருந்து பிடுங்கி மிருகவாயில் போட்டுவிடுவார்கள். ஜெயித்தவர் சொன்னது நடக்கும்.

சமையற்கட்டைப் பெரிதாக்குவதா வேண்டாமா என்ற வழக்கில் அவர் பூனையானார், அவள் எலியானாள். பூனைக்கு வீடென்பது வெயில் விழும் இடம். எலிக்கு வீடென்பது இருட்டுத் தங்கும் இடம். ஒரே கூரை, இரண்டு உலகம். எலி ஜெயித்தது, சமையற்கட்டுச் சின்னதாகவே இருந்தது. மகனுக்குப் பேர் வைத்தபோது அவருக்கு எருமை, அவளுக்குக் கொசு. எருமை பொறுமையைப் பாடிற்று, கொசு விழிப்பைப் பாடிற்று. அன்று எருமை ஜெயித்ததால்தான் பையன் இப்ராஹீம் ஆனான்.

இந்தத் தடவை ரஹீமாவுக்கு எந்தப் பிராணியைக் கொடுப்பது என்று மரைக்காயர் தலையைப் பிய்த்துக்கொண்டார். எலிக்கே இப்படிப் பேசியவள். கிளியைக் கொடுத்தால் குடியைக் கெடுப்பாள். அந்த யோசனையோடு பாசாருக்குப் போனவர் ஒரு மலாய் மீன்காரனின் கூடையில் அதைப் பார்த்தார். குதிரைலாட நண்டு, மலாய்க்காரர்கள் பெலங்காஸ் என்பார்கள். கவிழ்த்துப் போட்ட சட்டிபோல ஓடு, பின்னால் ஈட்டிபோல ஒரு வால். மல்லாந்து கிடந்து கால்களை ஆட்டிக்கொண்டிருந்தது. தலை எங்கே என்று தேடினார், இல்லை. கழுத்து இல்லை, முகமென்று ஒன்றில்லை. வாய் எங்கே என்று மீன்காரனைக் கேட்டதற்கு அவன் கால்களுக்கு நடுவே விரலைக் காட்டினான். சத்தம் போடுமா என்று கேட்டார். பிறந்த நாளிலிருந்து போட்டதில்லை என்றான்.

மரைக்காயர் சிரித்த சிரிப்பில் பாசாரில் இருந்த வாத்தெல்லாம் கத்தின.

வீட்டுக்கு ஓடிவந்து, "உனக்குப் பெலங்காஸ்" என்றார்.

ரஹீமா முறத்தைக் கீழே வைக்கவில்லை. அரிசியைப் புடைத்துக்கொண்டே, "உங்களுக்குக் கடற்கழுகு" என்றாள்.

அவருக்குக் காதை நம்பமுடியவில்லை. பறவைக்கெல்லாம் சுல்தானைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டாள். வயசாகிவிட்டது பாவம், புத்தி தடுமாறுகிறது என்று நினைத்தார். கொஞ்சம் இரக்கமாகக்கூட இருந்தது. இரக்கம் கோப்பி ஆறும்வரை நீடித்தது.

அதற்குப் பிறகு காஜா பெராங்கில் ஒருவருக்கும் நிம்மதியில்லை. மரைக்காயர் விடியலில் ஒரு தடவை, குளிக்கையில் ஒரு தடவை, சாப்பிட்ட கையோடு ஒரு தடவை கழுகாகப் பாடினார். தமிழே தெரியாத செட்டி வீட்டுக் குழந்தைகள் அர்த்தம் விளங்காமல் அவருடைய முதலடியைப் பாடிக்கொண்டு கோலி விளையாடின. ரஹீமாவோ ஒரு வரிகூட முணுமுணுக்கவில்லை. மாலையானால் மீனாச்சியோடு மாட்டு வண்டியேறிக் கிளேபாங் கடற்கரைக்குப் போனாள். முழங்கால்வரை சேற்றோடு திரும்பி வந்தாள். என்ன, அங்கே பெலங்காஸ் பாடம் நடத்துகிறதா என்று மரைக்காயர் சீண்டினார். ஆமாம், வாத்தியார் ரொம்பக் கண்டிப்பு, பேசவே விடமாட்டேங்குது என்றாள்.

நடுவராகத் தெய்வநாயகத்தை வைத்தார்கள். புக்கிட் பாருவில் இருந்தார். நில இலாகாவில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் மாலை அஸர் தொழுகை முடிகிற நேரத்துக்குச் சைக்கிளில் வந்து மரைக்காயரோடு சதுரங்கம் ஆடுவார். பாட்டுக் கேட்பதில் பொல்லாத ஆள். ஒரு நல்ல பாட்டைக் கேட்டால் அவர் முகத்தில் நடப்பதெல்லாம் இடது புருவம் ஒரு நூலளவு ஏறுவதுதான். அதைப் பார்க்கவே சிலர் வருஷக்கணக்காகப் பாட்டுக் கட்டினார்கள்.

"கிராணியாரே, ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லும்" என்றார் மரைக்காயர். "நான் போயிட்டா உமக்குச் சதுரங்கத்துக்கு ஆளில்லை. அதை மனசுல வச்சுத் தீர்ப்புச் சொல்லிட மாட்டீரே?"

தெய்வநாயகம் நெஞ்சில் கைவைத்து, தன் விருப்பத்தைச் சைக்கிளோடு சேர்த்து வெளியே பூட்டிவிட்டு வந்திருப்பதாகச் சத்தியம் செய்தார்.

வீட்டோடு ஒட்டிய கைலிக் கடைமுன், அஞ்சடி நடைபாதையில் நாற்காலிகள் போட்டார்கள். நடுவில் தெய்வநாயகம், அவருக்கு இந்தப்பக்கம் மரைக்காயர், அந்தப்பக்கம் ரஹீமா, மூவரும் தெருவைப் பார்த்து. மீனாச்சி கதவோரம் நின்றாள். ஒரு ரிக்‌ஷாக்காரன் வண்டியை நிறுத்திவிட்டுக் குந்தினான்.

மரைக்காயர் எழுந்தார். தோளை விரித்தார். நிஜமாகவே அந்த நொடியில் அஞ்சடி அவருக்குப் போதவில்லை.

வானம் எனக்கொரு முற்றம் — அதில்
வாசலும் வேலியும் இல்லை;
நானெழும் காலையில் காண்பேன் — இந்த
நாட்டுக்கு விரலளவு எல்லை.

நேற்றைய கூட்டை நினையேன் — அது
நெட்டை மரத்திடை விறகு;
காற்றினை நம்பிப் பிறந்தேன் — என்
காணி இரண்டே சிறகு.

ஊர்களெல்லாம் சிறு புள்ளி — அங்கே
ஊர்ந்திடும் மானிடர் எறும்பு;
யாரிடம் நான்விடை கேட்பேன் — எனக்கு
யாதொன்றும் இல்லை வரம்பு.

ரிக்‌ஷாக்காரன் வானத்தை அண்ணாந்து பார்த்தான். மலாக்காவின் ஓட்டுக் கூரைகளெல்லாம் சடசடவென்று சுருங்கி உள்ளங்கைக்குள் விழுந்ததுபோல இருந்தது. தெய்வநாயகத்தின் இடது புருவம் ஏறியது. ஏறியதோடு நிற்காமல் அவர் ஒரு கேள்வியும் கேட்டார்: அவ்வளவு உயரத்தில் பறக்கிற கழுகு எறும்பை எப்போது பார்த்தது? மரைக்காயர் விடவில்லை. நடுக்கடலில் துள்ளுகிற மீன்குஞ்சின் கண்ணைப் பார்க்கிற பறவைக்குத் தன் கூட்டுக் குச்சியில் ஊர்கிற எறும்பா தெரியாது என்றார். தெய்வநாயகம் யோசித்துச் சரி என்றார்.

இனி ரஹீமா. அவள் எழுந்திருக்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மடியில் கையைக் கோத்துக்கொண்டு, கூழாங்கல்லைத் தண்ணீருக்குள் மெதுவாக விடுகிறமாதிரி ஆரம்பித்தாள். கேட்க வேண்டுமானால் எல்லோரும் அவள் பக்கம் சாய வேண்டியிருந்தது.

தலையெனக் கேதென்று கேட்பார் — என்
தாய்க்கும் அதுபோல இல்லை;
அலையொன்று வந்தென்னைத் தொட்டால் — அதில்
அறிவேன் கடலதன் சொல்லை.

பரவாயில்லை, சட்டிக்குள்ளிருந்தும் சத்தம் வருகிறது என்று மரைக்காயர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

ஒருமுழம் சேறென் உலகம் — அதன்
ஓரத்தை இன்னும்நான் காணேன்;
வரும்அலை புதிதாக்கிப் போகும் — அதை
வறுமையென் றொருநாளும் நாணேன்.

சிரிப்பு எங்கோ தடுக்கிற்று. அவர் கண் தன்னையறியாமல் காலடிக்கு இறங்கியது. அஞ்சடியின் சிவப்புத் தரைக்கல். அதில் அவர் கால் நூற்றாண்டாக நடந்திருக்கிறார். கல்லில் ஓடிய விரிசல் ஓர் ஆற்றின் படம்போல இருந்தது. கிளைகூடப் பிரிந்திருந்தது. இதை அவர் பார்த்ததே இல்லை.

தேடிநான் போனதே இல்லை — கடல்
தினமிரு முறைஎன்னைத் தேடும்;
ஓடி ஒளிந்தாலும் கண்டு — என்
ஓட்டின்மேல் நுரையிட்டுப் பாடும்.

மரைக்காயருக்குத் தன் கழுகு நினைவு வந்தது. கழுகு எத்தனை கடலைத் தாண்டியிருக்கும். ஒரு கடலாவது அதைத் தேடி வந்ததுண்டா? வாழ்நாளெல்லாம் அவர் எதையும் உள்ளபடி சொன்னதில்லை. நண்டை ஆமையாக்குவார், தூறலைப் பிரளயமாக்குவார். உலகம் அவருக்கு எப்போதும் ஒரு சுற்றுச் சின்னதாகவே இருந்தது, இழுத்து இழுத்துப் பெரிதாக்க வேண்டியிருந்தது. இவளோ ஒரு முழம் சேற்றை எடுத்துக்கொண்டு அதை ஒரு பிடிகூட மிகைப்படுத்தவில்லை. அதுவே பெருகிப் பெருகிக் காஜா பெராங்கைக் கடந்து, கிளேபாங்கைக் கடந்து போய்க்கொண்டிருந்தது.

சிலபோது நிழலொன்று போகும் — என்
சேற்றுக்குள் குளிர்வந்து கூடும்;
நிலம்தொடா தவர்யாரோ மேலே — அவர்
நெஞ்சுக்கும் கரைஒன்று வேண்டும்.

வானத்தையே முற்றமாக்கிக்கொண்ட அத்தனை பெரிய கழுகு, அவர் இத்தனை நாள் தொண்டை கிழியப் பாடிய கழுகு, அந்தச் சேற்றில் வாழ்கிறவளுக்கு ஒரு கணக் குளிர்ச்சி. அவ்வளவுதான். அவள் அதை இகழவும் இல்லை. யாரோ போகிறார், பாவம், எங்கே இறங்குவாரோ என்கிறாள்.

தெய்வநாயகம் கையைத் தூக்கினார். மேலே போகிறவரின் நெஞ்சைப் பற்றி பெலங்காஸுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். கேள்வி நியாயமானது. ரஹீமா வாயைத் திறக்குமுன் மரைக்காயர் பாய்ந்தார்.

"அந்த நிழல் கரைக்கு வந்து உக்காருறதைத் தினம் அது பாக்குதுய்யா. உக்காரவே வேணாம்னா ஏன் வரும்? நீர் குறுக்க பேசாதீர்."

எதிராளியின் பாட்டுக்காகத் தான் வாதாடியது அவருக்கே உறைக்கவில்லை. ரஹீமா முதன்முறையாகத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டு கடைசிக் கண்ணியைச் சொன்னாள்.

முதுகிலென் துணைவனைச் சுமப்பேன் — அவன்
முகம்ஒரு நாளும்நான் பார்த்திலேன்;
எதுதிசை என்றவன் கேளான் — நான்
எடையென அவனை நினைத்திலேன்.

பெலங்காஸில் ஆண் பெண்ணின் முதுகைப் பற்றிக்கொண்டேதான் கரைக்கு வரும் என்பது மலாக்காக் கரையில் குழந்தைக்கும் தெரியும். ஜோடியை விட்டுப் பிரியாதவர்களை மலாய்க்காரர்கள் அதன் பேரைச் சொல்லியே கேலி செய்வார்கள். மரைக்காயருக்கும் தெரியும். தெரிந்தும் அந்தப் பிராணியை அவள் கையில் கொடுத்தபோது அவர் பார்த்தது சட்டியையும் ஈட்டியையும்தான். மேலே ஒருவன் உட்கார்ந்திருப்பதை மறந்துபோனார்.

தெருவில் ஒரு மாட்டு வண்டி போனது. அதன் மணிச் சத்தம் வெகுதூரம்வரை கேட்டது. தமிழ் தெரியாத மீனாச்சி முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். என்ன புரிந்ததோ, சேறும் கடலும் அவளுக்குத் தெரிந்தவைதானே. ரிக்‌ஷாக்காரன் தன் வெறுங்காலைத் தரையில் ஒரு தரம் அழுத்தி வைத்துப் பார்த்தான்.

தெய்வநாயகம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார். கடைசியில், நீதிபதிகூட அவ்வளவு விறைப்பாகச் சொல்லமாட்டார், அப்படிச் சொன்னார்:

"கழுகு ஜெயிச்சுது."

மரைக்காயர் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் நாற்காலி நடுத்தெருவுக்குப் போனது.

"கிராணியாரே, உமக்குக் காது இருக்கா, இல்லை அதையும் சைக்கிளோட பூட்டிட்டு வந்தீரா? என்ன கேட்டீர் நீர்? அந்தப் பாட்டுக்கு முன்னால என் பாட்டு நிக்குமா?"

"தீர்ப்புச் சொன்னா சொன்னதுதான், மரைக்காயரே."

"ஏன் சொன்னீர்? அதைச் சொல்லும்."

தெய்வநாயகம் கண்ணாடியை மடித்துச் சட்டைப் பையில் போட்டார். அவர் குரல் இறங்கிவிட்டது.

"நீர் இங்கேயே இருக்கணும்னு எனக்கு அவ்வளவு ஆசை. அந்தம்மா பாடப் பாட எனக்கு உடம்பெல்லாம் ஆடிப்போச்சு. பாட்டு ஆட்டுதா, ஆசை ஆட்டுதான்னு எனக்கே தெரியலை. சத்தியம் பண்ணிட்டு உக்காந்திருக்கேன். பயந்துட்டேன்யா."

ரஹீமா எழுந்தாள். முகத்தில் வருத்தமென்று எதுவும் காட்டவில்லை. மீனாச்சியிடம் திரும்பி, கோழிகளை நாளைக்கே உன் பக்கம் விட்டுவிடுகிறேன், கறுப்புக் கோழி மட்டும் அடைகாக்கிறது, அதைத் தொடாதே என்று மலாயில் சொன்னாள். சொன்ன சொல்லுக்கு மூட்டை கட்டுகிறவள் அவள். மூச்சுக் காட்டாமல் வருவதாகச் சொன்னாளே, அப்படியே வருவாள். சிங்கப்பூர்ச் சுவரின்முன் உட்கார்ந்து அரிசி புடைப்பாள். எடையென்று நினைக்கமாட்டாள். மரைக்காயருக்கு அது ஒரே பார்வையில் தெரிந்தது. எந்தக் கழுகும் அவ்வளவு தெளிவாக எதையும் பார்த்திருக்காது. அவருடைய பெரிய உடம்பு அப்போதுதான் அவருக்கு முதன்முறையாகக் கனத்தது.

"இந்தா, நில்லு" என்றார். "கிராணியாரே, ஜெயிச்சவன் சொன்னதுதானே நடக்கும்?"

"ஆமா."

"அதுக்கு மறுபேச்சு இல்லையே?"

"இல்லை."

"அப்ப நாம போகலை."

ரஹீமா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் சிரிப்பை அடக்குகிறாளா, வேறெதையோ அடக்குகிறாளா என்று சொல்லமுடியவில்லை.

"சிங்கப்பூரே தூங்காமக் காத்துக்கிட்டு இருக்குன்னீங்களே" என்றாள். "அதுக்கு என்ன பதில்?"

"கேக்கணும்னு இருந்தா அது இங்க வரட்டும்."

இப்ராஹீமுக்குத் தானே நாளைக்குச் சொல்லியனுப்புவதாகவும், அவன் வருத்தப்பட்டால் பெருநாளைக்கு வந்து உம்மா கையால் சாப்பிட்டுவிட்டு வருத்தப்படட்டும் என்றும் மரைக்காயர் அறிவித்தார். அறிவித்ததென்னவோ மெதுவாகத்தான். ஆனால் அவரிடமிருந்து அவ்வளவு மெதுவான குரலைக் கேட்டறியாத காஜா பெராங், அன்று மாலை கோழிச் சத்தம்கூட இல்லாமல் இருந்தது. அவர் சொன்னது மலாக்கா முழுவதும் கேட்டிருக்கும்.

தெருவில் கிடந்த நாற்காலியை அவரே போய் எடுத்துவந்தார். பழைய இடத்தில் போடவில்லை. ரஹீமாவைக் கையைப் பிடித்து உட்காரவைத்து, அவளுக்கு நேர் எதிரே, முட்டிக்கு முட்டி இடிக்கிற மாதிரி இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தெய்வநாயகம் நாகரிகமாக மீனாச்சி வீட்டுக் கூரையைப் பார்க்கத் தொடங்கினார்.

"கடைசிக் கண்ணியை இன்னொரு தடவை சொல்லு" என்றார் மரைக்காயர்.

"எதுக்கு? அதான் கேட்டீங்களே."

"தெருவைப் பாத்துக்கிட்டுச் சொன்னே. என்னைப் பாத்துச் சொல்லு."

ரஹீமா பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு முதலடியை மட்டும் சொன்னாள். முகம் பார்த்ததில்லை என்கிற இரண்டாவது அடி, அங்கே அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கையில், பொய்யாகிவிடும்போல இருந்ததால் சொல்லவில்லை.